ஆய்வுகூடத்துக்கான தயாரிப்பு: மருந்து ஆராய்ச்சிக் கல்வியும் எமது மனப்பழக்கங்களும்

எம்மவர் மத்தியில் ஒரு பிள்ளை 'மருந்து சம்பந்தமாகப் படிக்கிறது' என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தங்களே உண்டு. ஒன்று டொக்டர். மற்றையது பார்மசியில் வெள்ளைக் கோட்டுடன் நிற்பவர். இந்த இரண்டுக்கும் அப்பால், டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை, பார்மசியில் எடுத்துக் கொடுக்கும் மருந்தை, முதன்முதலில் உருவாக்குபவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது எமது கவனத்துக்கு வருவது குறைவு. சுவிசில், அதுவும் பாசலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் எம்மவருக்கு இது ஒரு விசித்திரமான நிலைமை. உலகின் மிகப் பெரிய மருந்துக் கொம்பனிகள் இரண்டின் தலைமையகங்கள் ரைன் நதிக்கரையில் இந்த நகரத்தில்தான் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக இங்கு வந்த எம்மவரிற் பலர் உணவுச்சாலைச் சமையலறைகளிலும் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலைகளிலும் தமது நாட்களைக் கழித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள். அவர்களிற் சிலர் மருந்து ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறார்கள். அதற்கு என்ன படிக்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இக் கேள்விக்குப் பாடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். அந்தப் பட்டியலும் கீழே வருகிறது. ஆனால் பட்டியலை விட முக்கியமான ஒன்று உண்டு. கல்வி பற்றி நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த சில மனப்பழக்கங்கள், ஒரு நல்ல மருத்துவ மாணவரை உருவாக்க உதவக்கூடும். நல்ல ஆராய்ச்சியாளரை உருவாக்க அவை தடையாக நிற்கின்றன. எனவே, தயாரிப்பின் ஒரு பாதி பல்கலைக்கழகத்திலும் மறு பாதி எமது வீடுகளிலும் நடக்கவேண்டியிருக்கிறது என்பதே இக் கட்டுரையின் வாதம்.

ஒரு மருந்து பிறக்கும் விதம்

முதலில், மருந்து ஆராய்ச்சி என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்க்கலாம். குருதிப் புற்றுநோய்களில் ஒரு வகைக்குக் கொடுக்கப்படும் இமட்டினிப் (கிளிவெக் என்ற பெயரில் விற்கப்படுவது) பாசலில் உருவான மருந்து. அதன் கதை பாசலில் ஆரம்பிக்கவில்லை. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இரண்டு ஆய்வாளர்கள் இந் நோயாளிகளின் கலங்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்துப்போன ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். 1973இல் ஜனெட் ரௌலி, இரண்டு நிறமூர்த்தங்கள் தமது துண்டுகளை மாற்றிக்கொண்டதாலேயே இது நிகழ்ந்தது என்று காட்டினார். அந்த இடமாற்றத்தால் ஓயாது வேலைசெய்யும் ஒரு நொதியம் உருவாகி, கலங்களைப் பெருகச் செய்கிறது என்பது எண்பதுகளில் தெளிவானது. அந்த நொதியத்தை அடைத்துவிடக்கூடிய ஒரு மூலக்கூறைத் தேடும் வேலையையே பாசலில் சிபா-கைகி கொம்பனியின் இரசாயனவியலாளரும் உயிரியலாளரும் செய்தார்கள். அமெரிக்காவில் பிரையன் டிறக்கர் என்ற வைத்தியர் அம் மூலக்கூறை நோயாளிகளின் கலங்களிற் பரிசோதித்தார். 1998இல் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. முதலாவது அவதானிப்பிலிருந்து மாத்திரை வரை 41 ஆண்டுகள்.

இந்த 41 ஆண்டுகளில் எத்தனை வகையான அறிவு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிறமூர்த்தத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்துப் படித்தவர்கள், நொதியத்தைப் பிரித்தெடுத்தவர்கள், மூலக்கூறைக் கட்டி ஓரிரு அணுக்களை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள், அது ஈரலைப் பாதிக்கிறதா என்று மிருகங்களிற் பரிசோதித்தவர்கள், விழுங்கக்கூடிய வடிவத்தில் அதனை ஆக்கியவர்கள், எத்தனை நோயாளிகளிற் பார்த்தால் முடிவை நம்பலாம் என்று கணக்கிட்டவர்கள், நோயாளிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். இவர்கள் எல்லோரும் மருந்து ஆராய்ச்சியாளரே. ஆனால் ஒருவர் படித்ததை மற்றவர் படிக்கவில்லை. 'மருந்து ஆராய்ச்சிக்கு எந்தப் பட்டம் படிக்கவேண்டும்' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாதிருப்பது இதனால்தான்.

எதைப் படிப்பது

இங்குள்ள பல்கலைக்கழகங்களின் அமைப்பே இந்த வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுகிறது. சூரிச்சில் உள்ள சமஷ்டித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாசல் பல்கலைக்கழகத்திலும் மருந்து விஞ்ஞானத்தில் மூன்று வருட இளமாணிப் படிப்பு உண்டு. அதன் பின்னர் பாதை பிரிகிறது. பார்மசியிற் பணியாற்றுவதற்கான அரச பரீட்சையை நோக்கிச் செல்லும் முதுமாணிப் படிப்பு ஒன்று. ஆராய்ச்சியை நோக்கிய முதுமாணிப் படிப்பு வேறொன்று. இந்தப் பிரிவு வருவதற்கு முன்னரே தான் எப் பக்கம் போகப்போவது என்பதை மாணவர் யோசித்துவைத்திருப்பது நல்லது. மருந்து விஞ்ஞானத்தைத் தெரிவுசெய்யாமல் இரசாயனவியலையோ, உயிரியலையோ, உயிர் இரசாயனவியலையோ, கணிதத்தையோ, கணனி விஞ்ஞானத்தையோ படித்து இத் துறைக்கு வந்தவர்களும் ஏராளம். மருந்துக்கான மூலக்கூறுகளைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் சேதன இரசாயனவியல் படித்தவர்கள். மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிக்குப் போக மருத்துவம் படித்தேயாக வேண்டும் என்று எண்ணுவது தவறு.

எந்தப் பட்டமாயினும் இளமாணி வருடங்களில் தவறவிடக்கூடாத சில பாடங்கள் உண்டு. அவற்றைக் காரணத்துடன் சொல்வது அவசியம். ஏனெனில் காரணம் தெரியாமற் படிக்கும் பாடம் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிறது.

சேதன இரசாயனவியல்: ஒரு மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்து, அது எங்கே தாக்கமடையும், உடலில் எங்கே உடையும் என்று ஊகிக்கும் திறன் இங்கிருந்தே வருகிறது. தாக்கங்களை மனப்பாடம் செய்பவர் இரண்டாம் வருடத்திற் களைத்துப்போவார். இலத்திரன்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று விளங்கிக்கொண்டவருக்கு நூறு தாக்கங்கள் பத்தாகச் சுருங்கிவிடும்.

பௌதிக இரசாயனவியல்: மாணவர்கள் அதிகம் வெறுக்கும் பாடம் இது. ஆனால் மருந்து வாங்கியுடன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது, எவ்வளவு கரைகிறது, எந்த வேகத்தில் உடைகிறது என்ற கேள்விகள் எல்லாம் சமநிலையும் தாக்கவீதமுமே. வாயால் உட்கொள்ளும் மருந்துகளுக்கு 1997இல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கியும் அவரது சகாக்களும் சில எல்லைகளை வகுத்தார்கள். மூலக்கூற்று நிறை 500இற்கு மேற்படாமை, எண்ணெயில் அளவுக்கு மீறிக் கரையாமை போன்றவை. அந்த விதிகளைக் கற்பது ஐந்து நிமிட வேலை. அவை ஏன் அப்படி இருக்கின்றன, எந்த மருந்து அவற்றை மீறியும் ஏன் வேலைசெய்கிறது என்று கேட்பதற்குப் பௌதிக இரசாயனவியல் வேண்டும்.

உயிர் இரசாயனவியல், கல உயிரியல், மருந்தியல்: மருந்து உடலுக்கு என்ன செய்கிறது என்பது பாதி விடயம். உடல் மருந்துக்கு என்ன செய்கிறது என்பது மறு பாதி. குடல் அதனை உறிஞ்சுகிறதா, ஈரல் அதனை மாற்றுகிறதா, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறதா என்பவற்றில் ஒன்று பிழைத்தாலும் பரிசோதனைக் குழாயில் அற்புதமாக வேலைசெய்த மூலக்கூறு மனிதரிற் பயனற்றுப்போகும்.

புள்ளிவிபரவியல்: இதனை ஒரு துணைப்பாடமாக நினைப்பது பெருந்தவறு. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். எந்தப் பயனும் அற்ற இருபது பொருட்களை, நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான தவறு எல்லையை வைத்துப் பரிசோதித்தால், சராசரியாக அவற்றில் ஒன்று 'பயனுள்ளது' என்று தோன்றும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதினால் அது பொய்யாகவும் தெரியாது, உண்மையாகவும் இராது. இதை விளங்காத ஆராய்ச்சியாளர் மற்றவர்களை ஏமாற்றுவதற்கு முன் தன்னையே ஏமாற்றுவார்.

கணனி நிரல் எழுதுதல்: புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணனியால் ஊகிக்கும் முறைக்கு 2024இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பகுதி கிடைத்தது. இனி ஆய்வுகூடமே தேவையில்லை என்று இதனைப் பொருள்கொள்ளக்கூடாது. ஊகித்த வடிவத்தைச் சரிபார்க்கவும் அதற்குப் பொருந்தும் மூலக்கூறைக் கட்டவும் கையே வேண்டும். ஆனால் தரவுகளைத் தானே கையாளத் தெரியாத ஒருவர் இத் துறையில் இனிமேல் எழுத்தறிவற்றவரைப் போன்றவர்.

இவை எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டவரை விட, ஒன்றில் ஆழமாகப் போய் மற்றவற்றில் உரையாடக்கூடிய அளவுக்குத் தெரிந்தவரையே ஆய்வுக் குழுக்கள் தேடுகின்றன. முதுமாணிப் படிப்பின் இறுதியில் பல மாதங்கள் ஓர் ஆய்வுக் குழுவுடன் வேலைசெய்ய நேரிடும். எந்தக் குழு என்பதே அதன் பின்னரான பாதையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தனித்த ஆராய்ச்சிப் பொறுப்புக்கு வர விரும்புவோருக்குக் கலாநிதிப் பட்டம் பெரும்பாலும் அவசியம். அது இங்கு மூன்று தொடக்கம் ஐந்து வருடங்கள் எடுக்கும். 'முப்பது வயதிலும் படித்துக்கொண்டே இருக்கிறான்' என்று கவலைப்படும் பெற்றோர் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சுவிசில் கலாநிதிப் பட்ட மாணவர் சம்பளம் பெறும் ஊழியர். அவர் செய்வது வேலை.

கையின் அறிவு

இனி மனப்பழக்கங்களுக்கு வருவோம். முதலாவது, கைவேலை பற்றிய எமது இளக்காரம்.

எமது சமூகத்தில் படித்தவர் என்பவர் கையில் அழுக்குப் படாதவர். இந்த எண்ணத்தின் வேர் சாதியமைப்பில் இருக்கிறது என்பதை இச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. புலம்பெயர்ந்து வந்து எல்லோரும் கோப்பை கழுவிய பின்னரும் இந்த எண்ணம் கழுவப்படவில்லை. தான் செய்த வேலையைப் பிள்ளை செய்யக்கூடாது என்ற நியாயமான ஆசையுடன் சேர்ந்து அது இன்னும் கெட்டியாகியிருக்கிறது. அதன் விளைவை இங்குள்ள 'லேர' எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்வி பற்றிய எமது பார்வையிற் காணலாம்.

சுவிசில் பெரும்பாலான கன்ரன்களிற் பன்னிரண்டு வயதளவிலேயே பிள்ளைகள் வெவ்வேறு மட்டங்களுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். கிம்னாசியம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு நேரே போகும் தகுதியைப் பெறுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. மொழி தெரியாத, கல்வி முறைமை தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் இந்தப் பிரிப்பில் இழப்பது அதிகம். இது விமர்சிக்கப்பட வேண்டிய அநீதி. ஆனால் கிம்னாசியம் கிடைக்காத பிள்ளைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் இழவு கொண்டாடுவது அந்த அநீதியை இரட்டிப்பாக்குகிறது. ஆய்வுகூடத் தொழிலாளராக (லபொறன்ற்) மூன்று வருடப் பயிற்சி இங்குண்டு. இரசாயனவியலிலோ உயிரியலிலோ பதினாறு வயதுப் பிள்ளை உண்மையான ஆய்வுகூடத்தில் நின்று, சம்பளமும் பெற்றுக்கொண்டு, வாரத்தின் சில நாட்களைத் தொழிற்பாடசாலையிற் கழிக்கிறது. அதனுடன் தொழிற்கல்வி மத்தூராவையும் முடித்தால் பிரயோக விஞ்ஞான உயர்கல்லூரிக்குப் போகலாம். பாசலுக்குப் பக்கத்தில் முற்றென்ஸில் அப்படியான கல்லூரி ஒன்று உயிர் விஞ்ஞானங்களைக் கற்பிக்கிறது. மேலதிகப் பரீட்சை ஒன்றுக்குத் தோற்றிப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். இருபது வயதில் இப் பாதையால் வருபவருக்கு, புத்தகத்தால் மட்டும் வந்த மாணவருக்கு இல்லாத ஒன்று இருக்கும்: பரிசோதனை ஏன் பிழைத்தது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லும் கண்.

ஆராய்ச்சியில் கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பாசல் உதாரணம். சைக்கிளோஸ்போரின் என்ற மருந்து இல்லாவிட்டால் இன்றைய உறுப்பு மாற்றுச் சிகிச்சை இல்லை எனலாம். அது நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்தின் மண்ணில் வாழும் ஒரு பங்கசுவிலிருந்து வந்தது. சண்டோஸ் கொம்பனியின் ஊழியர்கள் விடுமுறைக்குப் போகுமிடங்களிலிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. அந்த மண் வந்தது 1969இல். அப் பொருள் நிர்ப்பீடனத்தைத் தணிக்கிறது என்பது 1972இல் தெரியவந்தது. ஆனால் மனிதருக்குக் கொடுத்தபோது அது குருதியைச் சென்றடையவில்லை. பொருள் நீரிற் கரையாதது. மூன்று ஆய்வாளர்கள் அதனை வெவ்வேறு விதமாகத் தயாரித்துத் தாமே உட்கொண்டு, தமது குருதியைப் பரிசோதித்து, எந்தத் தயாரிப்பு உடலுக்குள் போகிறது என்று கண்டார்கள். இன்று இப்படிச் செய்ய எந்த ஒழுக்கவியற் குழுவும் அனுமதிக்காது. ஆனால் ஒரு மருந்தின் தலைவிதி கரைதிறன் என்ற, முதலாம் வருடப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல்லில் தங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1978இல் கேம்பிரிட்ஜில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட அம் மருந்து, 1983இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது.

ஆகவே கல்லூரி மாணவருக்குச் சொல்லவேண்டியது இதுதான்: முதல் வருடத்திலிருந்தே ஆய்வுகூடத்தைத் தேடிப் போங்கள். கோடை விடுமுறையில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை கிடைத்தாலும் எடுங்கள். செய்தவற்றை அன்றன்றே, பிழைத்தவற்றையும் சேர்த்து, கொப்பியில் எழுதுங்கள். ஆய்வுகூடக் கொப்பியில் அழித்து எழுதுவது குற்றம். கோடிட்டு வெட்டலாம், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பிழையை மறைக்காமல் வைத்திருக்கும் இந்தச் சிறு பழக்கத்தின் மீதுதான் விஞ்ஞானத்தின் நேர்மை கட்டப்பட்டிருக்கிறது.

தோல்வியின் கணக்கு

இரண்டாவது மனப்பழக்கம் பரீட்சை. 1971இல் தொடங்கிய தரப்படுத்தலுக்குப் பின் ஈழத்தமிழரின் கல்வி ஒரே ஒரு பரீட்சையின் புள்ளிகளைச் சுற்றி இறுகிப்போனது. மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் ஒரு புள்ளியாற் தவறியவர்களின் கதைகள் எங்கள் குடும்பங்கள் தோறும் உண்டு. அந்தக் காயத்தின் நியாயத்தை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக் காயம் அறிவு பற்றிய ஒரு கருத்தையும் எமக்குள் விட்டுச்சென்றது: கேள்விக்குச் சரியான விடை ஏற்கெனவே இருக்கிறது, அதை மற்றவரை விட வேகமாக எழுதுபவரே கெட்டிக்காரர்.

ஆராய்ச்சியில் விடைத்தாள் இல்லை. மனிதரிற் பரிசோதிக்கும் கட்டத்தை எட்டிய மருந்துகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் அங்கீகாரம் பெறுகிறது. அதற்கு முன்னரே கைவிடப்பட்ட மூலக்கூறுகள் எண்ணிலடங்கா. ஆரம்பத்திலிருந்து மாத்திரை வரை பத்துப் பதினைந்து வருடங்கள் எடுப்பது வழக்கம். முப்பது வருடங்கள் வேலைசெய்து, தான் தொட்ட எந்த மூலக்கூறும் மருந்தாகாமலே ஓய்வுபெறுபவர் இருக்கிறார். அவர் தோற்றவரல்லர். இந்த வழியிற் போகாதே என்று அடுத்தவருக்குக் காட்டியவர். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதப் பரிசோதனைகள் எல்லாம் பிழைக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி பெரிது. வீட்டிலும் 'என்ன, இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையா' என்று கேட்டால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும்.

இங்கு எமது வட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு பேச்சையும் தொடவேண்டும். 'எல்லாம் எங்கள் சித்த மருத்துவத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்' என்பது அது. இதற்குச் சீனத்தின் து யூயூ அம்மையாரின் வேலை நல்ல பதில். 1955இற் பட்டம் பெற்ற அவரிடம் கலாநிதிப் பட்டம் இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேடும் அரச திட்டத்தில் அவர் பழைய வைத்திய ஏடுகளைப் படித்தார். நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்று, ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியது. கொதிக்கவைக்கும்படி சொல்லவில்லை. வெப்பம் மருந்தை அழிக்கிறதோ என்று அவர் ஊகித்து, ஏறத்தாழ 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் அது எலிகளில் மலேரியாக் கிருமியை முற்றாக அழித்தது. 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏடு கொடுத்தது ஒரு துப்பு மட்டுமே. அது எந்தப் பொருள், எவ்வளவு, எவருக்கு, என்ன ஆபத்துடன் என்பதையெல்லாம் பரிசோதனையே சொல்லியது. மரபை மதிக்கும் வழி அதனைப் பரிசோதிப்பதுதான். பெருமை பேசுவது அதற்குச் செய்யும் மரியாதையாகாது.

கேட்கும் துணிவு

மூன்றாவது மனப்பழக்கம், பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசாமை. எமது பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்று ஆசிரியர்கள் பாராட்டும்போது நாம் மகிழ்கிறோம். ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் பேராசிரியரின் முடிவுக்கு ஆதாரம் போதாது என்று இருபத்துநான்கு வயது மாணவி சொல்லவேண்டும். அது அவமரியாதையல்ல; அவருடைய கடமை.

பிரான்சிஸ் கெல்சியின் கதை இதைத்தான் சொல்கிறது. கனடாவிற் பிறந்த அவர், மருந்தியலில் கலாநிதிப் பட்டத்துக்காகச் சிக்காகோவிற் படித்துக்கொண்டிருந்தபோது, 1937இல் ஒரு பாணி மருந்து அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மருந்து நல்லது; அதைக் கரைக்கப் பயன்படுத்திய டையெதிலீன் கிளைக்கோல் நஞ்சு. அதனைக் கண்டறிந்த ஆய்விற் பங்குபற்றியவர் அவர். 1960இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் சேர்ந்ததும், ஜேர்மனியில் 1957 முதல் விற்பனையில் இருந்த தலிடோமைட் என்ற தூக்க மருந்துக்கான விண்ணப்பம் அவரது மேசைக்கு வந்தது. தரப்பட்ட ஆதாரம் போதாது என்று அவர் திரும்பத் திரும்பத் திருப்பியனுப்பினார். கொம்பனி நெருக்கியது. அவர் அசையவில்லை. 1961 நவம்பரில் ஜேர்மனியில் அம் மருந்து மீளப்பெறப்பட்டபோது, அதைக் கர்ப்பகாலத்தில் உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைபாடுகளுடன் பிள்ளைகள் பிறந்திருந்தன. உலகெங்கும் அத் தொகை பத்தாயிரத்துக்கு மேல். 1937இற் கொன்ற அதே டையெதிலீன் கிளைக்கோல், 2022இல் காம்பியாவிற் குழந்தைகளுக்குக் கொடுத்த இருமற் பாணிகளில் மீண்டும் காணப்பட்டது. பழைய பாடம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகப் படித்தாக வேண்டும்.

யாருக்கான மருந்து?

எம்மில் இடதுசாரி நண்பர்கள் இங்கு ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவார்கள். ஏகபோக மருந்துக் கொம்பனிகளின் இலாபத்துக்கு மூளையைக் கொடுக்கவா எங்கள் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோம்? இக் கேள்வியை ஒதுக்கமுடியாது. மேலே சொன்ன அதே இமட்டினிப், இந்தியாவிற் கொம்பனியின் பெயரில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் விலையாகவும், அங்குள்ள ஏனைய உற்பத்தியாளரிடம் அதில் பத்திலொன்று அளவிலும் விற்றது. அம் மருந்தின் ஒரு பளிங்கு வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய வழக்கில், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் காப்புரிமையையே மறுத்தது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், நோயைக் குணப்படுத்துவதில் மேம்பட்டதாக இருந்தாலன்றிக் காப்புரிமைக்கு உரியதல்ல என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அவ் வழக்கில் வாதிடப்பட்டது என்ன? பளிங்கு வடிவம், கரைதிறன், உடல் உறிஞ்சும் அளவு. மாணவர்கள் வெறுக்கும் அந்தப் பௌதிக இரசாயனவியல்தான், ஏழை நோயாளியின் பக்கம் நின்று வாதிடவும் தேவைப்பட்டது.

இலங்கையிலும் எமக்கு முன்னோடி உண்டு. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் தயாரித்த அறிக்கையின் வழியாக, மருந்துகளை அவற்றின் விஞ்ஞானப் பெயரால் அரசே மலிவாக இறக்குமதி செய்யும் கொள்கை உருவானது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. 1977இல் கயானாவில், மற்றைய வறிய நாடுகளுக்கு அதே வழியைக் காட்டப் போயிருந்த இடத்தில் இறந்தார். அவரால் கொம்பனிகளுடன் மோத முடிந்தது அவருக்கு மருந்தியல் தெரிந்திருந்ததால். கோஷம் மட்டும் தெரிந்திருந்தால் அவரைச் சுலபமாக ஒதுக்கியிருப்பார்கள்.

கொம்பனிக்கு வெளியிலும் மருந்து ஆராய்ச்சி உண்டு. ஜெனீவாவை மையமாகக் கொண்டு 2003இல் ஆரம்பிக்கப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முன்முயற்சி அமைப்பு, ஒரு ஜேர்மன் கொம்பனி எண்பதுகளிற் கைவிட்ட பெக்ஸினிடசோல் என்ற மூலக்கூறைத் தூசிதட்டி எடுத்தது. ஆபிரிக்கத் தூக்கநோய்க்கு எதிராக அது வேலைசெய்கிறது என்று காட்டிய பரிசோதனைகளிற் பாசலின் சுவிஸ் வெப்பவலய, பொதுச் சுகாதார நிறுவனத்துக்கும் பங்குண்டு. 2018இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அதற்குச் சாதகமான கருத்தை வழங்கியது. ஊசிகளுடன் வைத்தியசாலையிற் கிடந்த நோயாளிக்கு வாயால் விழுங்கும் மாத்திரை கிடைத்தது. இங்கே வேலைசெய்யவும் அதே சேதன இரசாயனவியலும் அதே புள்ளிவிபரவியலும் வேண்டும். அறிவைப் பெறுவது ஒன்று. அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பது இன்னொன்று. முதலாவது இல்லாதவருக்கு இரண்டாவதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே கிடையாது.

ஆகவே இத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளை, ஒரு பாடத்தில் ஆழமாகப் போகவேண்டும், கணக்கில் நேர்மை வேண்டும், கை பழகவேண்டும், தான் செய்யும் மருந்து யாருக்குப் போகிறது என்று கேட்கவேண்டும். பெற்றோரும் மூத்தோருமாகிய நாம் செய்யவேண்டியது, புள்ளிகளை விசாரிப்பதைக் குறைத்து, இன்று ஆய்வுகூடத்தில் என்ன பிழைத்தது என்று கேட்கத் தொடங்குவது.

இங்கு சொன்னவை பெரும்பாலும் சுவிஸ் நிலைமையை வைத்துச் சொன்னவை. ஜேர்மனி, நோர்வே, கனடா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் கல்விப் பாதைகள் வேறு. அங்குள்ள தடைகளும் வேறு. அந்நாடுகளில் இத் துறையில் உள்ள நண்பர்கள் தமது பக்கத்தை எழுதவேண்டும். தொழிற்பயிற்சிக் கல்வி பற்றி இங்கு முன்வைத்த கருத்தோடு உடன்படாதவர்களும் எழுதவேண்டும். பன்னிரண்டு வயதிற் பிள்ளைகளைப் பிரிக்கும் முறைமையை ஏற்றுக்கொண்டு வழி தேடுவதா, எதிர்த்துப் போராடுவதா என்ற கேள்வி இன்னும் விவாதிக்கப்படாமலே கிடக்கிறது.